தமிழில் போட்ட கையெழுத்து

என் அண்ணனை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். தாமிரபரணிக் கரையில் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்தவனை அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். அவர் ஐம்பதுகளின் தொடக்கத்தில் புனேக்கு வந்து, ஆற்றுக்குப் பக்கத்துப் பேட்டை ஒன்றில் பாய்க்கடை வைத்தார். எங்கள் ஊரில் நெய்த கோரைப் பாய்களை ரயிலில் வரவழைத்து விற்பார். நான் பள்ளிப் படிப்பை முடித்ததும் அவரோடு வந்து சேர்ந்துகொண்டேன். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் காக்காவும் அவர் மனைவி மைனியும் இருந்தார்கள். நான் கடைக்குள்ளேயே பாய்க் கட்டுகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வேன்.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. கல்யாண மாதங்களில் மராத்திக் குடும்பங்கள் பட்டுப்பாய் கேட்டு வருவார்கள். கோர்படிப் பக்கத்து ராணுவக் குடியிருப்புகளிலிருந்து அதிகாரிகளின் மனைவிமார் வருவார்கள். காக்காவுக்கு மராத்தி அவ்வளவாக வராது. இந்தியும் பாதிதான். ஆனாலும் பாயை உதறி விரித்துக் காட்டும்போது அவருக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. கைக்குழந்தையைத் தொடுவது மாதிரி தொட்டுக் காட்டுவார். வாங்க வந்தவர்களும் அப்படியே தொடுவார்கள்.

அடுத்த தெருவில் ஒரு சிறிய வங்கி இருந்தது. காக்கா அதில் கணக்கு வைத்திருந்தார். கணக்குத் தொடங்கிய அன்றைக்கு, தனக்குத் தமிழில் மட்டும்தான் கையெழுத்துப் போட வரும் என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாராம். எந்த மொழியானாலும் சரி, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி போட்டால் போதும் என்று அப்போதிருந்த மேலாளர் சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த வயதான காசாளருக்கு அந்தக் கையெழுத்து மீது ஒரு பிரியம். ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிறது என்பார். காக்கா வரிசையில் நிற்பதைப் பார்த்தாலே, "ஜிலேபிவாலா வந்துட்டார்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். காக்காவுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஊரில் அவருடைய தமிழை யாராவது பார்த்தார்கள் என்றால் அது அந்த வங்கியில்தான்.

அந்தக் கணக்கில் இருந்தது வீட்டுக்கான பணம். கேம்ப் என்கிற பேட்டையில் மாடியில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டை மைனி பார்த்து வைத்திருந்தார். வீட்டுக்காரரிடம் பேசியும் முடித்திருந்தோம். மழைக்காலம் முடிந்ததும் பணம் கொடுத்துக் குடிபோவதாக இருந்தது.

அந்த 1961 மழைக்காலத்தில்தான், ஊருக்கு மேலே இருந்த பான்ஷெத் அணை உடைந்தது.

அன்று காலையில் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். வேடிக்கை பார்க்க லக்டி புல் பாலம் வரைக்கும் போன பக்கத்துக் கடைக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததைப் பார்த்த பிறகுதான் காக்கா எழுந்தார். கீழ்த்தட்டுப் பாய்களை மேலே தூக்கி வைக்க ஆரம்பித்தோம். அதற்குள் வாசற்படி நனைந்துவிட்டது. மைனி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். காக்கா கடையைப் பூட்டினார். பூட்டுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது. பின்னறையில் தகரப் பெட்டிக்குள் இருந்த வங்கிப் புத்தகத்தை எடுக்க நேரம் இல்லை.

உயரமான இடம் தேடி ஓடிய கூட்டத்தோடு நாங்களும் ஓடினோம். ஒரு பள்ளிக்கூடத்து மேல்மாடியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தபோது எங்கள் தெரு தெரியவில்லை. தெரு இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது. அதில் கட்டில்களும் கதவுகளும் மாடுகளும் போயின. காக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். பூட்டு அப்படியே இருந்தது. பின்சுவர்தான் இல்லை. ஊறி உப்பிப்போன பாய்கள் சேற்றோடு சேர்ந்து ஒரே மேடாகக் கிடந்தன. தகரப் பெட்டி அங்கேயே இருந்தது. உள்ளே இருந்த வங்கிப் புத்தகம் கையில் எடுத்ததும் கூழாகப் பிரிந்தது. காக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு எண்ணும் கடைசி இருப்பும் அவருக்கு மனப்பாடம். "பாயி போனா போவட்டும். பேங்குல உள்ளது பேங்குல இருக்கு" என்றார். மைனி அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேற்றுக்குள் பாத்திரங்களைத் தேட ஆரம்பித்தார்.

அந்தப் பள்ளிக்கூடமே எங்களுக்கு நிவாரண முகாம் ஆனது. காலையில் ரொட்டியும் டீயும் வரும். பலவிதமான சேவைக்காரர்கள் வருவார்கள். ஊசி போடுகிறவர்கள், கம்பளி கொடுக்கிறவர்கள், காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதிக்கொள்கிறவர்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன் வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்தான். முப்பது வயது இருக்கும். வெள்ளை உடுப்பு, கண்ணாடி, அடக்கமான குரல். கடை இழந்தவர்களுக்கு அரசாங்கத்தில் நஷ்ட ஈடு கொடுக்கப் போகிறார்கள், அதற்கு விவரம் எழுத வேண்டும் என்று சொன்னான். நான் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டு தூரத்திலிருந்து அவனைப் பார்த்தேன். வரிசையில் வந்த ஒரு கிழவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவன் நின்றுகொண்டே எழுதினான்.

காக்காவை அவன் ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டானாம். காக்காவின் பாதி இந்தியைப் பொறுமையாகக் கேட்டானாம். கடையில் என்ன சரக்கு இருந்தது, எத்தனை வருடமாக வியாபாரம், வங்கிக் கணக்கு உண்டா, எந்த வங்கி, எண் என்ன, எவ்வளவு இருக்கிறது, கணக்குத் தொடங்கும்போது அறிமுகம் செய்தவர் யார் என்று கேட்டிருக்கிறான். வங்கியில் இருப்பு உள்ளவர் என்று தெரிந்தால்தான் நிஜமான வியாபாரி என்று மேலதிகாரி நம்புவார் என்று காரணமும் சொல்லியிருக்கிறான். கடைசியில் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். திரும்பி வந்த காக்காவின் முகத்தில், வெள்ளத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒரு தெளிவு இருந்தது. "நல்ல பிள்ளை. மனுசன மனுசனா மதிக்கான்" என்று மைனியிடம் சொன்னார்.

சில நாள் கழித்து, கோர்படி ரயில்வே குடியிருப்பிலிருந்து காக்காவின் வாடிக்கையாளர் ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், ரயில்வேயில் ஃபிட்டர். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் ஓர் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். அவருடைய மனைவி மைனிக்குத் தன் சேலைகளில் இரண்டைக் கொடுத்தார்.

வங்கி ஒரு கடையின் மாடியில் தற்காலிகமாகத் திறந்திருக்கிறது என்ற செய்தி வந்தது. புத்தகம் தொலைத்தவர்களும் கணக்கு எண்ணும் இருப்பும் சொல்லி, கையெழுத்துப் போட்டு, தெரிந்த ஒருவரின் சாட்சியோடு பணம் எடுக்கலாம் என்றார்கள். உடனே போய்விட்டு வரலாம் என்று நான் சொன்னேன். காக்கா கேட்கவில்லை. அங்கே கூட்டம் தெருவரைக்கும் நிற்கிறது, அவர்கள் எல்லாம் சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள், முதலில் அவர்கள் எடுக்கட்டும் என்றார். நாம் ஃபிட்டர் வீட்டில் சோறு தின்றுகொண்டு அங்கே போய் இடத்தை அடைக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். நாங்கள் போனபோது கூட்டம் குறைந்திருந்தது.

காக்கா எண்ணைச் சொன்னார். வேறு கிளையிலிருந்து வந்திருந்த குமாஸ்தா, தலைமை அலுவலகக் கணக்கைப் பார்த்து எழுதிய புதிய பேரேட்டைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து காக்காவைப் பார்த்தார். மறுபடியும் பேரேட்டைப் பார்த்தார். எழுந்து போய் மேலாளரிடம் ஏதோ சொன்னார். மேலாளர் எங்களை உள்ளே கூப்பிட்டார்.

கணக்கில் ஒன்றும் இல்லை என்றார் மேலாளர். கணக்குக்காரர் போன வாரம் நேரில் வந்து முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார்.

காக்காவுக்கு இந்தி புரியவில்லையோ என்று நினைத்து நான் தமிழில் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் மேலாளரிடமே, "நான்தான் அது. நான் வரவே இல்லையே" என்று தமிழில் சொன்னார். பிறகு அதையே இந்தியில் சொல்லப் பார்த்தார். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன.

மேலாளர் அந்த ஆண்டுதான் மாற்றலாகி வந்தவர், காக்காவைப் பார்த்துப் பழகாதவர்; கெட்ட மனிதர் இல்லை. அவருடைய வீடும் வெள்ளத்தில் போயிருந்தது. யாரோ கொடுத்த சட்டையைப் போட்டிருந்தார். தோள் பக்கம் தொங்கியது. அவர் அந்தச் சீட்டை எடுத்து வரச் சொல்லி எங்கள் முன்னால் வைத்தார். பணம் பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போடும் இடத்தில் தமிழ் எழுத்துகள் இருந்தன.

நான் குனிந்து பார்த்தேன். அது தமிழ் இல்லை. தமிழ் மாதிரி வரைந்த ஒன்று. காக்காவின் பெயரில் முதலெழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் நின்றது. ஒரு புள்ளி கூட இல்லை. நடுவில் ஒரு எழுத்து எந்த எழுத்தும் இல்லை, வெறும் சுழி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூட அதைப் பார்த்து எழுதியவனுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிடும். எனக்கு ஒரு கணம் சந்தோஷமே வந்துவிட்டது. விஷயம் முடிந்துவிட்டது, இதைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன்.

நான் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு விளக்கினேன். காக்கா பக்கத்தில் ஒரு தாளில் தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டினார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். குமாஸ்தாவும் பார்த்தார். இருவருடைய முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அவர்களுக்கு இரண்டும் ஜிலேபிதான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் தெரியுது" என்றார் மேலாளர். அவர் பொய் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் காக்கா போட்டுக்கொடுத்த மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பாருங்கள் என்றேன். எல்லா அட்டைகளும் தண்ணீரில் போய்விட்டன என்றார். ஆக, வங்கியிடம் மிச்சம் இருந்த காக்காவின் கையெழுத்து அந்தத் திருடன் போட்டது ஒன்றுதான். காக்கா அன்றைக்குப் போட்ட நிஜக் கையெழுத்தை ஒத்துப் பார்ப்பதற்கு இருந்ததும் அந்தப் போலிதான். "இவர்தான் அவர்னு எனக்கு எப்படித் தெரியும்? அவரும் கணக்கு எண் சொன்னார், இருப்பைச் சரியாச் சொன்னார், கணக்குக்கு யார் அறிமுகம்னு சொன்னார். இவரும் அதையேதான் சொல்றார்" என்றார் மேலாளர்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டோம். வாசிக்க முடியாத ஒரு கிறுக்கல் இருந்தது. அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்குச் சாட்சி சொன்ன நாட்கள் அவை. கணக்குத் தொடங்கும்போது காக்காவை அறிமுகம் செய்த பாத்திரக் கடைக்காரர் வெள்ளத்தில் இறந்துபோயிருந்தார்.

மறுநாள் ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் வேலைக்கு விடுப்பு எடுத்து, சீருடையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ரயில்வே ஊழியர் சொன்னால் எடுபடும் என்று நம்பினார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இதைத் தமிழன் எவனும் எழுதியிருக்க மாட்டான் என்று சத்தியம் செய்தார். மேலாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க இவரோட ஆள். வேற என்ன சொல்வீங்க" என்றார். ஃபிட்டரின் முகம் சிவந்துவிட்டது.

போலீஸ் சௌக்கியில் மூன்று பேர் அழுதுகொண்டு நின்றார்கள். குழந்தையைக் காணாதவர்கள். எங்கள் முறை வந்தபோது நாங்கள் சொன்னதை ஏட்டு பாதியிலேயே நிறுத்தினார். முகாமில் விவரம் எழுதிய அந்த ஆள் பெயர் என்ன, எந்தச் சங்கத்துக்காரன் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. பெயர் கேட்கவில்லையா என்றார். காக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். அவன் காக்காவின் பெயர், வாப்பாவின் பெயர், ஊர் எல்லாம் கேட்டிருந்தான். காக்காவுக்கு அவன் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. அப்படி உட்கார்ந்து எழுதுகிறவனிடம் யார்தான் பெயர் கேட்பார்கள்? முகாமில் விசாரித்தால், ஒவ்வொரு சேவைச் சங்கமும் அவன் அடுத்த சங்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அவனுக்குத் தினமும் டீ கொடுத்தவர்கள் இருந்தார்கள். யார் என்று தெரிந்தவர்கள் இல்லை.

திருடியது அவன்தானா என்பதற்குக் கூட எங்களிடம் நிச்சயம் கிடையாது. அவன் எழுதி வைத்ததை வேறு யாராவது எடுத்திருக்கலாம். இன்று வரை எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து வங்கியின் பழைய காசாளர் திரும்பி வந்தார். வெள்ளத்தில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டுச் சாத்தாரா பக்கத்தில் தன் கிராமத்துக்குப் போயிருந்தவர். அவர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் காக்கா ஓட்டமும் நடையுமாகப் போனார். நானும் கூடப் போனேன். காசாளர் மெலிந்து, தாடி வளர்த்து, ஆள் அடையாளமே தெரியாமல் இருந்தார். ஆனால் அவர் காக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மேலாளரிடம் போய், இவர்தான், பத்து வருடமாக எனக்குத் தெரியும் என்றார். சீட்டைப் பார்த்துவிட்டு, இது அவர் கை இல்லை என்றும் சொன்னார். அவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த ஜிலேபியின் சுற்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு மேலாளர் எங்களை நம்பினார். காக்காவுக்கு உட்கார நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒன்றும் செய்வதற்கில்லை என்பதை அப்புறம்தான் சொன்னார்.

வெள்ளத்துக்குப் பிறகு நிர்வாகம் என்ன விதி போட்டதோ அந்த விதிப்படி வங்கி நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்திருக்கிறது. எண்ணையும் இருப்பையும் முன்பின் தெரியாத ஒருவனிடம் சொன்னது கணக்குக்காரர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அவரே. இதில் வங்கியின் தவறு என்ன என்று மேலே கேட்பார்கள், என்னால் பதில் சொல்ல முடியாது என்றார் மேலாளர். அவர் இதையெல்லாம் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காசாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

காக்கா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "நான்தான் நானுன்னு இப்ப ஒத்துக்கிட்டீங்கல்லா?"

ஒத்துக்கொள்கிறேன் என்றார் மேலாளர்.

"அப்ப என் பணம்?"

மேலே எழுதிப் பாருங்கள் என்றார் மேலாளர். வங்கி மேலிடத்துக்கு மனுப் போட்டோம். ஆங்கிலத்தில் நான்தான் எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், பரிசீலித்து முடித்தாகிவிட்டது, பணம் தர வழியில்லை என்று இரண்டு வரியில் இன்னொரு பதில் வந்தது. கேம்ப் வீட்டுக்காரர் எங்களுக்காகக் கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். மைனி அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஃபிட்டர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தகரக் கூரை அறையை வாடகைக்கு எடுத்தோம். காக்கா நடைபாதையில் சாக்கும் தென்னங்கயிறும் போட்டு விற்றார். ஊரில் பாய் நெய்கிறவர்கள் சரக்கு அனுப்பத் தயார்தான். முன்பணம் இல்லாமல் வாங்க இவருக்கு மனம் வரவில்லை.

அந்த நாட்களில் காக்காவோடு தெருவில் நடப்பது கஷ்டம். எங்காவது வெள்ளை உடுப்பும் கண்ணாடியுமாக ஓர் ஆள் தெரிந்தால் நின்றுவிடுவார். ஒரு தடவை டெக்கன் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த ஒருவனைப் பார்த்துவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்தார். அவன்தான் என்றார். அருகே போனோம். அந்த ஆள் திரும்பி, என்ன வேண்டும் ஐயா, எந்த பஸ் என்று இந்தியில் கனிவாகக் கேட்டான். காக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அவன் இல்லையா என்று கேட்டேன்.

"தெரியல. அதே மாதிரிதான் மரியாதையாப் பேசுதான்" என்றார்.

எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. அவருக்கு அந்த முகம் மறந்துவிட்டிருந்தது. அந்த மரியாதை மட்டும் நினைவில் இருந்தது. அதற்குப் பிறகு தன்மையாகப் பேசுகிற யாரைக் கண்டாலும் அவருக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். அதட்டிப் பேசுகிறவர்களிடம் சாதாரணமாக இருந்தார்.

இதற்கு நடுவில்தான் வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் குடியிருப்புகள் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் பழைய தெருக்காரர்கள் பலர் விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களிடம் விசாரித்துக்கொண்டு ஒரு நாள் சாயங்காலம் ஓர் அதிகாரி எங்கள் அறைக்கே வந்தார். இளைஞர். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். மைனி பாய் விரித்தார். அவர் உட்கார்ந்து பையிலிருந்து காகிதங்களை எடுத்து, காக்காவின் பெயரைக் கேட்டார்.

காக்கா சொல்லவில்லை.

அவர் மறுபடியும் மெதுவாகக் கேட்டார். இது உங்களுக்கு வீடு கிடைப்பதற்காக என்று விளக்கினார். பெயர், முன்பு இருந்த இடம், குடும்பத்தில் எத்தனை பேர், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார். காக்கா எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அதிகாரியிடம் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முத்திரை இருந்தது. அதைக் காக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நிஜம்தான் காக்கா, தெருவில் எல்லாருக்கும் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"அவனும் எல்லாருக்குந்தான் எழுதுனான்" என்றார் காக்கா.

"இது கவர்மெண்டு முத்திரை, காக்கா."

"முத்திரை நிசமுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். முத்திரை நிஜமா என்று வாசிக்கத் தெரியாது. கையெழுத்து நிஜமா என்று மேலாளருக்குத் தெரியாமல் போனது மாதிரிதான் இதுவும். நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார் அதிகாரி. மைனி எழுந்து வந்து காக்காவின் காலடியில் உட்கார்ந்தார். அவர் எதற்கும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"மச்சான், இதுக்கு மேல நம்மட்ட எடுத்துட்டுப் போவ என்ன இருக்கு? போட்டுக் குடுங்க."

காக்கா அவரைத் தூக்கி நிறுத்தினார். கோபப்படவில்லை. பேனாவை வாங்கவும் செய்தார். பாயில் உட்கார்ந்து காகிதத்தின் மேல் குனிந்தார். முனை காகிதத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது. மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முடியல" என்றார். அதிகாரியைப் பார்த்து இந்தியிலும் அதையே சொன்னார்.

அந்த இளைஞர் மை பட்ட காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வரவும் செய்தார். இரண்டாவது தடவை காக்கா வீட்டில் இல்லை. சைக்கிளைத் தெருமுனையில் கண்டதுமே பின்பக்கமாகப் போய்விட்டிருந்தார். பட்டியல் முடிந்துவிட்டது என்று அப்புறம் பழைய தெருக்காரர் ஒருவர் மூலம் தெரிந்தது. அவர்கள் எல்லாருக்கும் வீடு கிடைத்தது. ஒருவர் தன் புது வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். மைனியும் நானும் போனோம். ஷீரா என்கிற ரவைக் கேசரியும் பூரியும் போட்டார்கள். மைனி பாதிக்கு மேல் சாப்பிடவில்லை. அந்த வீட்டுக்காரி எங்களுக்கும் ஒதுக்கியிருந்தால் பக்கத்துக் கதவாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்.

நான் காக்காவோடு சண்டை போட நினைத்த நாட்கள் உண்டு. ஆனால் எந்த வார்த்தையை எடுத்தாலும் அது அவர் பக்கமே போய் நின்றது. முதல் ஆளை நம்பினார், எல்லாம் போயிற்று. இரண்டாவது ஆளை நம்பவில்லை, அதிலும் போயிற்று. அவர் என்னதான் செய்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அறுபதுகளின் நடுவில் எனக்கு ஊருக்கு வெளியே ஆகுர்டியில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை கிடைத்தது. லோக்கல் ரயிலில் போய் வந்தேன். சில வருடம் கழித்து நானும் ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கினேன். அதைக் காக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அவர் திட்டவில்லை. எந்த வங்கி என்று கேட்கவில்லை, எண்ணையும் கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு காக்காவும் மைனியும் ஊருக்கே திரும்பிப் போனார்கள். மைனிக்கு மூட்டுவலி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் மைனியின் தம்பி மாவு மில் வைத்திருந்தார். காக்கா அங்கே போய் மேற்பார்வை பார்க்கலாம் என்று முடிவானது. புனே ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டிக்குக் காத்திருந்தபோது மைனி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். ஃபிட்டர் குடும்பமும் வழியனுப்ப வந்திருந்தது. காக்கா என்னைத் தனியாகத் தூணுக்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"பேங்குக்கு மாசம் ஒரு தடவ போ. உள்ளதெல்லாத்தையும் வெளிய எடு. கையில வச்சுப் பாரு. இருக்குன்னு தெரிஞ்ச பொறவு திரும்பப் போட்டுட்டு வா" என்றார்.

அப்படி எல்லாம் செய்ய விடமாட்டார்கள் என்று சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி காக்கா என்றேன்.

அடுத்த மாதம் சம்பளத்துக்கு மறுநாள் வங்கிக்குப் போனேன். கணக்கை உயிரோடு வைக்கத் தேவையானதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதி எடுத்தேன். ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்து கையில் வைத்துக்கொண்டேன். பிறகு வரிசையில் நின்று திரும்பக் கட்டினேன். கவுண்டரில் இருந்த குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுமாதமும் அப்படியே செய்தேன். மூன்றாவது தடவை அவர் என்னைக் கவுண்டருக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, ஏன் இப்படிச் செய்கிறீர்கள், எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று மராத்தியில் கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் என் தோளைத் தொட்டு, எடுக்கிறீர்களா போடுகிறீர்களா என்றார். போடுகிறேன் என்று சொல்லிச் சீட்டைக் கேட்டு வாங்கினேன்.